தடுப்பூசி நாளில் தாயிடமும் கேளுங்கள்

கல்வராயன் மலையிலிருந்து பிரசவத்துக்குக் கீழே இறங்கிவரும் பெண்ணுக்காக அரசு நிறையவே செய்திருக்கிறது. 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. குழந்தை பிறந்த 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி போட்டுக்கொள்ளும் வசதியும் அரசு மருத்துவமனைகளில் உண்டு. குறை அதற்குப் பிறகுதான்.

பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு 42 நாள் கணக்கில் முடிந்துவிடுகிறது. கருத்தடை பற்றிய சந்தேகங்கள் பலவும் தலைகாட்டுவது அதன் பிறகு. காப்பர் டி போட்ட சிலருக்கு முதல் சில மாதங்கள் உதிரப்போக்கு கூடும், அடிவயிறு வலிக்கும். சிலருக்கு அது தானாகவே வெளியேறிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியால் மாதவிடாய் தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம். இது மருந்தின் இயல்பு என்று சொல்ல ஆளில்லாவிட்டால், பயந்துபோய் அடுத்த ஊசிக்கு வராமலே இருந்துவிடுவார்கள். பிள்ளை பால் குடிக்கும்வரை கரு தரிக்காது என்ற நம்பிக்கை வேறு. தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால், அந்தப் பாதுகாப்பு முதல் ஆறு மாதத்துக்குத்தான். அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு ஆண்டாவது இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பெண்ணை, ஒரு சந்தேகம் கேட்பதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருக்க வைப்பது நியாயமல்ல. குழந்தைக்கு 6, 10, 14ஆவது வாரங்களிலும் 9ஆவது மாதத்திலும் தடுப்பூசி போட அவர் எப்படியும் வருகிறார். அன்றே கிராம சுகாதார செவிலியர் அவரைத் தனியே உட்காரவைத்துப் பேச வேண்டும். ஊசியும் மாத்திரையும் ஆணுறையும் கையிருப்பில் இருக்க வேண்டும். பிழைப்புக்காக வெளிமாநிலம் போகும் குடும்பத்துக்கு அடுத்த ஊசியின் தேதியை எழுதி அட்டையாகக் கொடுத்தனுப்ப வேண்டும்.

இது ஆள்பிடிக்கும் வேலையாகிவிடக் கூடாது. கருத்தடை இலக்குகளை ஒன்றிய அரசு 1996இலேயே கைவிட்டது. காப்பர் டி வேண்டாம் என்று ஒரு பெண் வந்து நின்றால், பொறுத்துப் பார் என்று திருப்பி அனுப்பாமல் அன்றே எடுத்துவிட வேண்டும். எத்தனை பேருக்குப் போட்டோம் என்று எழுதும் பதிவேட்டில், ஓராண்டு கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதவும் ஒரு கட்டம் வேண்டும்.

கணவர்களிடமும் பேசியாக வேண்டும். தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்ணுக்கு ஆபரேஷன் என்றாகிவிட்டது. வாசக்டமி அதைவிட எளிது. ஆனாலும் அதைச் செய்துகொண்ட கணவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. மலையில் நடக்கும் மருத்துவ முகாம்களுக்கு, ஆண்களிடம் பேசவென்றே ஒரு சுகாதார ஆய்வாளரை அனுப்ப மாவட்ட நிர்வாகத்துக்குப் புதிய திட்டமோ தனி நிதியோ தேவையில்லை. அடுத்த முகாமிலேயே தொடங்கலாம்.