காதுக்குள் சுருங்கிப்போன அமைதி வளாகம்

பல்கலைக்கழக நூலகங்களிலும் விடுதிகளிலும் ஹெட்போன் இன்று இசைக்கருவி மட்டுமன்று. இரைச்சலைத் தடுக்கும் சுவருமாகும். எதையும் ஒலிக்கவிடாமலே அதை மணிக்கணக்கில் அணிந்து படிப்போர் உண்டு. அந்தச் சுவர் எதனால் நிற்கிறது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

அவை விற்பது மின்னணு இரைச்சல் நீக்கத்தை. வெளியோசையை மைக்ரோபோன் வாங்குகிறது. அதற்கு நேரெதிரான அலையை ஸ்பீக்கர் எழுப்புகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஏ.சி.யின் உறுமல், விமான எஞ்சினின் முழக்கம் போன்ற தாழ்ந்த, சீரான ஒலிகளுக்கு இது சிறந்தது. ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஆற்றல் குன்றிவிடும். பக்கத்து அறைப் பேச்சின் கூர்மையான மெய்யொலிகளையும் தட்டு விழும் ஓசையையும் பெரும்பாலும் தடுப்பது வெறும் பருப்பொருளே: காதுமூடியின் எடை, உட்புற நுரைப்பஞ்சு, இவற்றினும் மேலாகக் காதைச் சுற்றி இடைவெளியின்றி அமரும் மெத்தை. கனமான தடுப்பை அதிரவைப்பது ஒலிக்கு எளிதன்று. அதிர்வெண் உயர உயர அது மேலும் கடினமாகிறது. ஆனால் மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைச் சற்றே தூக்கினால் போதும், அந்த இடுக்கு வழியே தாழ்ந்த ஒலி முதலில் நுழைந்துவிடும். செவித்துளைக்குச் சரியாகப் பொருந்தும் மலிவான நுரைமுனை, பொருந்தாத விலையுயர்ந்த கருவியை வென்றுவிடுவது இதனால்தான். (அளவு மாற்ற உடன் தரும் முனைகளைப் பெட்டியிலேயே விட்டுவிடுவோர்தாம் எத்தனை பேர்!)

இது வெறும் வசதி பற்றிய பேச்சன்று. இரைச்சல் கசியும்போது கை தானாகவே ஒலியளவைக் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரமே. உள்காதின் மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

எனினும், நல்ல மெத்தை வாங்கிக்கொள்ளுமாறு மாணவருக்கு அறிவுரை கூறி நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்வது முறையன்று. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், கல்வி நிலையங்களைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக்க வழிசெய்கின்றன. அங்கே வரம்பு பகலில் 50 டெசிபல், இரவில் 40. ஜெனரேட்டரையும் விழா ஒலிபெருக்கியையும் அந்த வரம்புக்குள் நிறுத்துவது நிர்வாகத்தின் கடமை. ஹெட்போன் வாங்க இயலாத மாணவருக்கு வேறு சுவர் இல்லை. வளாகத்துக்குள்ளேயே காதுமூடியின்றிக் கல்லறுக்கும் தொழிலாளியின் செவியைப் பற்றியோ எவரும் வாய் திறப்பதில்லை. ஒலிமானி இயற்பியல் துறைகளுக்குப் புதிய கருவியன்று. தேர்வுக் கால இரவுகளில் அதை நூலகச் சன்னலருகே வைத்து அளந்து, அளவீட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதிலிருந்து தொடங்கலாம்.