சைடு பிசினஸுக்கு லோன் போடப் போறீங்களா? முதல்ல பேட்டன்ட் பாருங்க!



நம்பர் 1 டோல்கேட், மண்ணச்சநல்லூர் தாண்டி துறையூர் ரோட்டில் போனா எங்க ஊர் திருவெள்ளறை. பெருமாள் கோயிலுக்கு வர்றவங்க பக்கத்துல இருக்கிற ஸ்வஸ்திக் கிணற்றையும் பார்த்துட்டுப் போவாங்க. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துல வெட்டினது, சுமார் 1,200 வருஷம் ஆச்சு. நாலு பக்கமும் படி இருக்கு. ஒரு பக்கம் இறங்குறவருக்கு இன்னொரு பக்கம் இறங்குறவர் தெரிய மாட்டார். ஆனா எல்லாரும் போய்ச் சேர்றது ஒரே தண்ணிக்குத்தான்.

பேட்டன்ட் விஷயமும் கிட்டத்தட்ட இப்படித்தான். "நான் யாரையும் காப்பி அடிக்கல, நானே யோசிச்சுப் பண்ணினேன்" என்ற வாதம் கதைக்கும் பாட்டுக்கும் உள்ள பதிப்புரிமை வழக்குல எடுபடும். பேட்டன்ட் வழக்குல எடுபடாது. உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் அதே கண்டுபிடிப்புக்கு பேட்டன்ட் வாங்கியிருந்தா, அவரை நீங்க பார்க்கவே இல்லைன்னாலும் அது மீறல்தான்.

"மாசச் சம்பளம் வாங்குற எனக்கு எதுக்குப்பா இது?"ன்னு கேட்கலாம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

மாடித் தோட்டத்துக்குத் தானா தண்ணி விடுற ஒரு சின்ன கருவி. வெளிநாட்டுல இருந்து ஒரு பீஸ் 300 ரூபாய்க்கு 500 பீஸ் இறக்குறீங்கன்னு வெச்சுக்குவோம். முதல் 1,50,000 ரூபாய். கையில பணம் இல்ல, பர்சனல் லோன். 14% வட்டி, 24 மாசம்னா இஎம்ஐ சுமார் 7,200 ரூபாய். ஆன்லைன்ல 60 பீஸ் வித்தாச்சு. அப்போ ஒரு வக்கீல் நோட்டீஸ் வருது: "இது எங்க பேட்டன்ட். விற்பனையை நிறுத்துங்க."

"நான் தயாரிக்கவே இல்லையே, வாங்கித்தானே வித்தேன்"னு தோணும். பேட்டன்ட் சட்டத்தோட 48-வது பிரிவு தயாரிக்கிறதோட நிற்கல. அனுமதி இல்லாம பயன்படுத்துறது, விற்பனைக்கு வைக்கிறது, விற்கிறது, இறக்குமதி செய்றது எல்லாமே அதுல வருது.

கேஸ் வந்தா என்ன ஆகும்?

முதல்ல ஒரு ஆறுதல். இந்தியாவுல பேட்டன்ட் மீறல் சிவில் விவகாரம். போலி பிராண்ட் பொருளோ திருட்டுப் படமோ வித்தா கிரிமினல் கேஸ் வரலாம், ஜெயில் வரைக்கும் போகலாம். பேட்டன்ட் மீறலுக்கு ஜெயில் கிடையாது.

இதை நம்பித்தான் நிறைய பேர் அசால்ட்டா இருக்காங்க. ஜெயில் இல்லைன்னா பயம் இல்லைன்னு அர்த்தமா? 108-வது பிரிவைப் பாருங்க. விற்பனைக்குத் தடை போடலாம். நஷ்ட ஈடு, இல்லைன்னா நீங்க சம்பாதிச்ச லாபம், ரெண்டுல ஒண்ணை எதிர் தரப்பு கேட்கலாம். அதுக்கு மேல, மீறல்னு முடிவான சரக்கைப் பறிமுதல் பண்ணவோ அழிக்கவோ கோர்ட் உத்தரவு போடலாம். அதுக்கு உங்களுக்கு ஒரு பைசா இழப்பீடு கிடையாது.

என்னைக் கேட்டா, சின்ன ஆளுக்கு இதுல பெரிய அடி நஷ்ட ஈடு இல்ல, இடைக்காலத் தடைதான். தீர்ப்பு வர வருஷக்கணக்குல ஆகலாம். தடை ஆரம்பத்துலயே வந்துடலாம். மிச்சம் 440 பீஸ் வீட்டு அறையில கிடக்கும். இஎம்ஐ மட்டும் மாசாமாசம் தேதி தவறாம போகும்.

நம்ம சென்னையில நடந்த கதை

பெரிய கம்பெனிக்கே இது நடந்திருக்கு. திருச்சியில ஒரு இடத்துக்கே 'டிவிஎஸ் டோல்கேட்'னு பேர். அந்த டிவிஎஸ்ஸோட மோட்டார் கம்பெனி, 2007 டிசம்பர்ல 'ஃபிளேம்'னு 125 சிசி பைக்கை அறிவிச்சுது. அதுல ரெண்டு ஸ்பார்க் பிளக் இருக்கிற இன்ஜின். ரெண்டு பிளக் தொழில்நுட்பத்துக்கு 2005-லயே இந்திய பேட்டன்ட் வாங்கி வெச்சிருந்தது பஜாஜ். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு.

2008 பிப்ரவரியில தனி நீதிபதி தடை போட்டார். 2009 மே மாசம் டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நீக்கியது. 2009 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம், டிவிஎஸ் விற்கலாம், ஆனா உள்நாட்டு விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் துல்லியமா கணக்கு வெச்சிருக்கணும்னு சொன்னது. மூல வழக்கை நவம்பர் 30-க்குள்ள முடிக்கணும்னும் உத்தரவு. கடைசியில 2019 அக்டோபர்லதான் ரெண்டு கம்பெனியும் சமரசமா முடிச்சுக்கிட்டாங்க.

டிவிஷன் பெஞ்ச்ல டிவிஎஸ்ஸுக்குச் சாதகமாத்தான் உத்தரவு வந்தது. ஆனா அந்த ரெண்டு பிளக் இன்ஜினுக்கு முக்கியமான முதல் 15 மாசம் தடையிலயே போச்சு. அவங்களுக்கு வேற மாடல்கள் இருந்தன, தாங்கினாங்க. உங்ககிட்ட இருக்கிறது ஒரே பொருள், ஒரே சம்பளம்.

சின்ன ஆளுங்களை யாரும் கண்டுக்க மாட்டாங்கன்னும் நினைக்காதீங்க. டிவிடி பிளேயர் அசெம்பிள் பண்ணி வித்த சின்ன நிறுவனங்கள் மேல பிலிப்ஸ் போட்ட வழக்குல, 2018 ஜூலையில டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. உரிமம் வாங்கினவங்ககிட்டதான் உதிரி பாகம் வாங்கினோம்ங்கிறதை அவங்களால நிரூபிக்க முடியல. ஒரு பிளேயருக்கு 3.175 டாலர், பிறகு 1.90 டாலர்னு ராயல்டி கணக்கு. ஒரு வழக்குல கூடுதலா 5 லட்சம் ரூபாய். இத்தனைக்கும் அந்த பேட்டன்ட் 2015-லயே காலாவதி. 20 வருஷம் முடிஞ்சாலும் பழைய பாக்கி பாக்கிதான்.

"தெரியாது"ன்னு சொல்லலாமா?

சொல்லலாம், பாதி பலன்தான். பேட்டன்ட் இருக்கிறது தெரியாது, தெரிஞ்சிருக்க நியாயமான காரணமும் இல்லைன்னு நீங்க நிரூபிச்சா, 111-வது பிரிவுப்படி நஷ்ட ஈட்டுல இருந்து தப்பிக்கலாம். ஆனா விற்பனைத் தடை அப்பவும் வரும். நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு "தெரியாது"ன்னு சொல்லவும் முடியாது.

அதே சமயம், நோட்டீஸ் வந்ததுமே பயந்து பணம் கட்டிடாதீங்க. அந்த பேட்டன்ட் இன்னும் உயிரோட இருக்கா, புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்காங்களான்னு பாருங்க. அதுல சொன்ன அம்சம் உங்க பொருள்ல இருக்கான்னு ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க. பேட்டன்ட்டே செல்லாதுன்னு வாதாடவும் உரிமை உண்டு. ஆதாரமில்லாம மிரட்டினா, 106-வது பிரிவுல நீங்களே கோர்ட்டுக்குப் போகலாம்.

லோனுக்கு முன்னாடி நாலு வேலை

1. இந்திய பேட்டன்ட் அலுவலக இணையதளத்துல இலவசமா தேடலாம். விண்ணப்ப நிலையில இருக்கிறதையும் பாருங்க. பேட்டன்ட் கிடைச்ச பிறகுதான் வழக்கு போட முடியும், ஆனா உரிமை விண்ணப்பம் வெளியான தேதியில இருந்தே கணக்கு.

2. சப்ளையர்கிட்ட, பேட்டன்ட் பிரச்சனை வந்தா செலவு அவருடையதுன்னு எழுதி வாங்குங்க. எழுதித் தர மறுத்தா, அதுவே ஒரு பதில். பில் எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக்குங்க.

3. முதல் லாட் சின்னதா இருக்கட்டும், சேமிப்புல வாங்குங்க. சொந்தப் பேர்ல நடத்துற தொழில்ல, கடைக் கடனுக்கும் வீட்டுக் கடனுக்கும் நடுவுல சுவர் கிடையாது.

4. ஆபீஸ்ல நீங்க கண்டுபிடிச்சதையே வெளியில விற்கப் போறீங்களா? வேலை ஒப்பந்தத்தைப் படிங்க. உரிமையை கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தா, உங்க மூளையில பிறந்த பொருளுக்கே நீங்க மீறல்காரர் ஆகலாம்.

சைடு பிசினஸ் வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்க எவ்வளவு யோசிக்கிறோம், ஒரு மியூச்சுவல் ஃபண்டுக்கு எத்தனை வீடியோ பார்க்கிறோம்! அதுல ஒரு ஞாயிற்றுக்கிழமையை இந்தத் தேடலுக்கு ஒதுக்குங்க. எங்க ஊர் கிணற்றுல மறுபக்கம் யார் இறங்குறாங்கன்னு தெரியாது. பேட்டன்ட்ல தேடினா தெரியும்.