எண்ணைக் காட்டி அச்சுறுத்தாதீர்!

சூலகத்தில் எஞ்சியுள்ள கருமுட்டைகளின் இருப்பை மதிப்பிடும் ஏ.எம்.எச். ஹார்மோன் சோதனை, இன்று திருமணமாகாத இளம்பெண்களிடமும் 'கருவளச் சோதனை' என்ற பெயரில் விற்கப்படுகிறது. நான் மருத்துவர் அல்லேன், தமிழாசிரியர். ஆயினும், பெயரிலேயே பொய் புகுந்திருக்கையில் வாய்மூடி இருத்தல் இயலாது.

செயற்கைக் கருத்தரிப்பில் ஊசிமருந்தின் அளவை முடிவுசெய்யவும், எத்தனை முட்டைகள் கிடைக்கும் எனக் கணிக்கவும் இச்சோதனை உதவுகிறது. அந்தப் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால், முட்டையின் தரத்தை அது சொல்லாது; இயல்பாகக் கருவுறும் வாய்ப்பையும் சொல்லாது. கருத்தரிக்க ஒரு முட்டை போதுமே! 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஆய்வு, கருவுறுவதில் முன்னர்ச் சிக்கல் இல்லாத, 30 முதல் 44 வயது வரையிலான ஏறத்தாழ 750 பெண்களைக் கவனித்தது. ஏ.எம்.எச். குறைந்தோரும் ஏனையோரைப் போலவே கருவுற்றனர். கருத்தடை மாத்திரை உட்கொண்டாலே அவ்வெண் தாழலாம் என்பதை எந்த விளம்பரமாவது சொல்கிறதா?

சிங்கப்பூரில் 2023 ஜூலை முதல், 21 முதல் 37 வயது வரையிலான பெண்கள் மருத்துவக் காரணமின்றியும் முட்டைகளை உறைநிலையில் சேமிக்கலாம். விரும்பிச் செய்வோர் செய்யட்டும். தாளிலுள்ள எண்ணுக்கு அஞ்சி ஓடுவோருக்கு முதலில் தேவை விளக்கம். நம் வீடுகளிலோ, அத்தாள் மாமியார் கைக்குப் போனால் 'மலடி' என்ற பட்டம் ஆயத்தம். (மகனின் விந்துச் சோதனையை யாரும் கேட்பதில்லை!)

இந்த எண் எதையெல்லாம் சொல்லாது என்பதை அப்பெண்ணுக்குப் புரியும் மொழியில் எடுத்துரைத்த பிறகே ஊசியைத் தொடுங்கள்.