நியூஸ்பேப்பர் ஆபீஸ்ல டெவலப்பருக்கு என்ன வேலை?

பிளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்சாச்சு. கிளாஸ் குரூப்ல சர்வீஸ் கம்பெனியா, ப்ராடக்ட் கம்பெனியான்னு விவாதம் ஓடிட்டிருக்கு. இந்த நேரத்துல "ஒரு பேப்பர் ஆபீஸ்ல டெவலப்பர் வேலை இருக்கு, போறியா?"ன்னு யாராவது கேட்டா சிரிச்சிடுவோம். நாளைக்கு மூடப்போற கடையில இன்னிக்குப் போய்ச் சேருவாங்களா?

அந்தப் பயம் நியாயமானதுதான். விளம்பரக் காசு கூகுள், ஃபேஸ்புக் பக்கம் போயிடுச்சு. 2020 லாக்டவுன்ல பல பத்திரிகைகள் பக்கத்தையும் சம்பளத்தையும் குறைச்சாங்க, ஆட்களையும் அனுப்பினாங்க. விளம்பர வருமானத்துல நியாயமான பங்கு கிடைக்கலைன்னு செய்தி நிறுவனங்களோட சங்கம் புகார் கொடுத்து, 2022 ஜனவரியில இந்தியப் போட்டி ஆணையம் கூகுள் மேல விசாரணைக்கு உத்தரவு போட்டது.

இருந்தாலும் போகலாம்னுதான் நான் சொல்வேன். அதுக்கு ஒரு கண்டிஷன் இருக்கு, கடைசியில சொல்றேன்.

நம்மள்ல பாதிப் பேர் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு ஜாங்கோ யூஸ் பண்றோம். அது அமெரிக்காவுல கேன்சஸ் மாநிலத்துல, லாரன்ஸ்ங்கிற சின்ன ஊரோட தினசரி பேப்பர்ல பிறந்தது. அங்க வேலை பார்த்த டெவலப்பர்கள் 2003-ல எழுத ஆரம்பிச்சு, 2005-ல எல்லாருக்கும் இலவசமா வெளியிட்டாங்க. ஸ்வெல்ட்டை உருவாக்கின ரிச் ஹாரிஸும் அப்போ கார்டியன் பத்திரிகையில இருந்தவர்தான். பேப்பர் ஆபீஸ்ல டெட்லைன் மணிக்கணக்குலதான். அந்த அவசரம்தான் இப்படிப்பட்ட டூல்களை எழுத வெச்சது. அதனால அங்க போனா ஸ்கில் போயிடும்னு கவலைப்பட வேண்டாம்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்துல கரையைக் கடந்தது. ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை. அடுத்து சாத்தனூர் அணையில இருந்து தண்ணி திறந்துவிட, தென்பெண்ணை பொங்கி பாகூர் பக்கத்து கிராமங்களுக்குள்ள வந்துடுச்சு. அணை இருக்கிறது திருவண்ணாமலை மாவட்டத்துல, தமிழ்நாடு அரசு கையில. நனையுறது புதுச்சேரி கிராமம். எத்தனை கன அடி திறந்தாங்க, நம்ம பக்கம் எத்தனை மணிக்கு வரும்? இது ராத்திரியே தெரியணும். காலையில பேப்பர்ல படிச்சு பிரயோஜனம் இல்ல.

"ஏரி உடைஞ்சிடுச்சாம்"னு வாட்ஸ்அப்ல வர ஃபார்வர்டு நிஜமான்னு விசாரிக்க ஒரு ரிப்போர்ட்டர் வேணும். அவர் விசாரிச்சதை பத்து நிமிஷத்துல மேப்போட சோரியாங்குப்பத்துலயும் குருவிநத்தத்துலயும் இருக்கிறவங்க போனுக்குக் கொண்டுபோக ஒரு டெவலப்பர் வேணும். ரெண்டுல ஒருத்தர் இல்லைன்னாலும் வேலை நடக்காது.

இது புதுசும் இல்ல. பாரதி 1908-ல புதுச்சேரிக்கு வந்து 'இந்தியா' பத்திரிகையை இங்கிருந்து நடத்தினார். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்ள அது வரவே கூடாதுன்னு தடை போட்டாங்க. 1910-ல பத்திரிகை நின்னுபோச்சு. எழுத ஆள் இருந்தாங்க, வாசகர்கிட்ட கொண்டுபோற வழிதான் அடைபட்டுச்சு. இன்னிக்கு அந்த வழி கோடு எழுதுறவங்க கையில இருக்கு.

சரி, கண்டிஷன். இன்டர்வியூல மூணு கேள்வி கேளுங்க. நான் ரிப்போர்ட்டர்களோட உட்காருவேனா, இல்ல பிரின்டர் ரிப்பேர் பண்ற ரூம்லயா? நான் எழுதுற கோடை ஓப்பன் சோர்ஸா வெளியிட விடுவீங்களா? சம்பளம் மாசம் எந்தத் தேதியில வரும்? மூணுக்கும் நேரான பதில் வந்தா ரெண்டு வருஷம் போய்ப் பாருங்க. வேலை முழுக்க பாப்-அப் விளம்பரம் சொருகுறதும் கிளிக்பெய்ட் பேஜ் போடுறதும்தான்னு தெரிஞ்சா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

வில்லியனூர், பாகூர்ல இருந்து பஸ் ஏறி வர நம்மள்ல பலருக்கு எஜுகேஷன் லோன் இருக்கு. அவங்க அதிக சம்பளம் பார்த்துப் போனா தப்பே இல்ல. லோன் முடிச்சிட்டு வந்தாலும் இந்த வேலை இருக்கும். லோன் பாரம் இல்லாதவங்களைத்தான் கேக்குறேன். அடுத்த தடவை லிஸ்ட்ல ஒரு பேப்பர் பேர் வந்தா, சிரிச்சு ஸ்க்ரோல் பண்ணாம அந்த மூணு கேள்வியைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.