ரோட்டரியைப் போட்டால் பழைய மெஷின் புதுசாகிவிடுமா?

கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ என்று கோவையின் எந்தப் பட்டறைத் தெருவில் டீ குடிக்க நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "பழைய விஎம்சி ஒண்ணு எடுத்து, மேல ஒரு ரோட்டரியப் போட்டுட்டாப் போதும்ங்ணா. மூணு செட்டிங் வேலை ஒரே செட்டிங்ல முடிஞ்சிரும். ரேட்டும் நாலு ஆக்சிஸ் ரேட்டு." பத்துப் பதினைந்து வருடம் ஓடிக் களைத்த மெஷினைக் கடனில் எடுத்தவர், அந்தக் கடன் தீருவதற்குள் இன்னொரு கடன் வாங்கி ரோட்டரி டேபிள் ஏற்றுகிறார். கொடிசியா வளாகத்தில் இன்டெக் கண்காட்சி நடக்கும் சமயத்தில் இந்த ஆசை இன்னும் கொஞ்சம் ஏறும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஓர் அலுமினிய உருளை சுழன்றுகொண்டே பூவேலைப்பாடாக மாறுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? அங்கே ஓடுவது புது மெஷின், வெட்டுப்படுவது மெத்தென்ற அலுமினியம், பூவின் இதழை அளந்து பார்க்க மைக்ரோமீட்டரோடு யாரும் நிற்பதுமில்லை. இந்த மூன்றும் பட்டறைக்குத் திரும்பும் வழியில் மறந்துபோகின்றன.

பழைய மெஷினில் ஏற்றும் நாலாவது ஆக்சிஸ், பெரும்பாலான ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு வருமானத்தைக் கூட்டித் தருவதில்லை. மெஷினில் ஏற்கெனவே இருக்கும் தேய்மானத்தை எடுத்து பீஸில் எழுதிக் காட்டுகிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

முதலில் நேரக் கணக்கு. ஒரு வால்வு பாடிக்கு மூன்று முகத்தில் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் நேரம் மொத்தம் 15 நிமிடம். ஒவ்வொரு முகத்துக்கும் கழற்றிப் பிடிக்க ஒரு நிமிடம். ஆக 18. ரோட்டரியில் ஒரே முறை பிடிப்பதால் 16. மிச்சம் இரண்டு நிமிடம். கட்டர் ஒரு வினாடி கூட வேகமாக வெட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்; ரோட்டரி மிச்சப்படுத்துவது கையால் பிடிக்கும் நேரத்தை மட்டும். அந்த இரண்டு நிமிடத்தை இரும்புப் பிளேட் இரண்டை வைத்தே மிச்சப்படுத்தலாம். ஒவ்வொன்றிலும் மூன்று நிலை. உள்ளே ஒரு பிளேட் ஓடும்போது ஆபரேட்டர் வெளியே மற்றதில் பீஸ்களை மாட்டிவைப்பார். ஒவ்வொரு சைக்கிளுக்கும் பீஸ்கள் அடுத்த நிலைக்கு நகரும், ஒன்று முழுசாக முடிந்து வெளியே வரும். இதற்கு டிரைவ் வேண்டாம், கேபிள் வேண்டாம், இரண்டாவது கடனும் வேண்டாம். பிளேட்டில் ஆறு பீஸ் ஏற்றினால் டூல் மாற்றும் நேரமும் ஆறு பேருக்குப் பங்காகிவிடும். ரோட்டரியில் ஒற்றைப் பீஸ் மாட்டினால் அதன் மொத்தமும் அந்த ஒன்றின் தலையில்தான்.

"நேரம் கிடக்கட்டும்ங்க. ஒரே கிளாம்பிங்ல செஞ்சா அக்யூரசி வருமில்ல?" என்று கேட்பார்கள். இந்த நம்பிக்கைக்கு இருக்கும் ஒரே வலுவான வாதம் இதுதான். நல்ல மெஷினில், நல்ல டேபிளில், நூற்றுக்கு நூறு உண்மை. பழைய மெஷினில் என்ன நடக்கிறது?

வைஸில் மூன்று செட்டிங் போடும் ஆபரேட்டர் ஒவ்வொரு முறையும் பீஸின் ஓரத்தைத் தொட்டு ஜீரோ எடுக்கிறார். காலையில் குளிர்ந்திருந்த மெஷின் மதியம் சூடேறி அதன் தூண் கொஞ்சம் நீண்டிருந்தாலும் சரி, ஒய் ஆக்சிஸ் பால் ஸ்குரூ தேய்ந்திருந்தாலும் சரி, புதிதாகத் தொட்டு எடுத்த ஜீரோவில் அந்தப் பிழையின் பெரும்பகுதி அமுங்கிப்போகும். ரோட்டரியில் அந்தத் தொடுதல் கிடையாது. டேபிளின் சுழல் மையம் எங்கே என்று ஒரு நாள் அளந்து, ஜி54 என்னும் ஒர்க் ஆஃப்செட்டில் ஓர் எண்ணாகப் போட்டுவிட்டு, பிறகு அந்த எண்ணை நம்பி எல்லா முகத்தையும் வெட்டுகிறோம். ஒய் திசையில் மையம் 20 மைக்ரான் தள்ளியிருந்தால், 180 டிகிரி திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து துளை போடும்போது வித்தியாசம் இரட்டிப்பாகி 40 மைக்ரான் ஆகும். இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர வேண்டிய துளையில் படி விழும். ஆபரேட்டரைத் திட்டுவார்கள். அவர் பாவம், காலையில் போட்ட எண்ணை அப்படியே வைத்திருந்தார், நகர்ந்தது மெஷின்.

அடுத்தது டேபிளின் உள்ளே இருக்கும் வார்ம் வீல். 100 மிமீ ஆரத்தில் 20 ஆர்க் செகண்ட் பிழை என்பது ஏறக்குறைய 10 மைக்ரான். செகண்ட் ஹேண்டில் வரும் டேபிளில் வார்ம் தேய்ந்து 2 ஆர்க் மினிட் ஆட்டம் இருந்தால், அதே ஆரத்தில் 58 மைக்ரான். இதைக் கண்டுபிடிக்க லேப் எதுவும் வேண்டாம். சக்கில் ஒரு பட்டையைக் கட்டி, மையத்திலிருந்து 100 மிமீ தள்ளி டயலை வைத்து, ஒரு டிகிரி முன்னே போய், அதே ஒரு டிகிரி பின்னே வரச் சொல்லுங்கள். ஊசி பழைய இடத்துக்கு வருகிறதா? அடுத்து கிளாம்ப் போடச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும் கணத்தில் ஊசி துள்ளுகிறதா? துள்ளினால், துளை போடும் ஒவ்வொரு முறையும் பீஸ் அந்த அளவுக்குத் திரும்பித்தான் நிற்கப்போகிறது. டேபிள் வாங்க வந்தவர்கள் பெயின்ட்டைத் தடவிப் பார்க்கிறார்கள். டயலைப் பையிலிருந்து எடுப்பவர் அபூர்வம்.

வியாபாரி சொல்லும் "ஃபோர்த் ஆக்சிஸ் ரெடி"யும் இப்படித்தான். பேனலைத் திறந்து பார்த்தால் சில மெஷினில் டிரைவுக்கான காலியிடமும், வெளியே கேபிள் வர ஓர் ஓட்டையும் மட்டும் இருக்கும். டிரைவ் தனி, மோட்டார் தனி, பவர் சப்ளை மாட்யூல் தாங்குமா என்பது தனி. மோட்டாரும் டிரைவும் ஒரே வகைக்குள் வர வேண்டும். ஒரு கம்பெனியின் மோட்டாரை இன்னொரு கம்பெனியின் டிரைவில் சொருகி ஓட்ட முடியாது. கண்ட்ரோல் மூன்று ஆக்சிஸுக்கு மட்டும் வாங்கப்பட்டிருந்தால் அதைத் திறப்பதற்குத் தனிச் செலவு. ஃபானுக் கண்ட்ரோலில் இத்தனையும் முடிந்த பிறகு பாராமீட்டர் வேலை: 1020-இல் ஆக்சிஸ் பெயராக 65, அதாவது ஏ, 1006-இல் இது சுழலும் ஆக்சிஸ் என்று சொல்ல வேண்டும், 1260-இல் ஒரு சுற்றுக்கு 360. கியர் விகிதத்தில் ஓர் எண் பிசகினால் ஒரு முழுச் சுற்று போகச் சொன்ன டேபிள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாது. மெஷினை விற்றவர் அப்போது போன் எடுப்பாரா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 800 மிமீ நீளமுள்ள டேபிளில் ரோட்டரியும் டெயில்ஸ்டாக்கும் உட்கார்ந்த பிறகு, இதுவரை சோறு போட்டுவந்த பிளேட் வேலைகளை எங்கே வைப்பது? கழற்றி வைத்துவிட்டுத் தேவைப்படும்போது மாட்டுவோம் என்பார்கள். மாட்டும் ஒவ்வொரு முறையும் டெஸ்ட் பாரை ஏற்றி, எக்ஸ் ஓட்டத்துக்கு நேராக மேலும் பக்கவாட்டிலும் டயல் ஓட்டி, மையத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். அரை நாள் போய்விடும். கழற்றிய கேபிள் கனெக்டருக்குள் கூலன்ட் இறங்கினால் அலாரம் வேறு.

"அப்போ இம்பெல்லர் மாதிரி வேலையெல்லாம் பண்ணலாமில்ல?" என்பவர்களுக்கு: சுழன்றுகொண்டே வெட்டும்போது எஃப் மதிப்பின் பொருளே மாறிவிடும். ஏ ஆக்சிஸ் மட்டும் நகர்ந்தால் எஃப்500 என்பது நிமிடத்துக்கு 500 டிகிரி. 10 மிமீ ஆரத்தில் அது நிமிடத்துக்கு 87 மிமீ. 100 மிமீ ஆரத்தில் 873 மிமீ. ஆரம் மாறிக்கொண்டே போகும் பீஸில் இதைச் சமன்செய்ய ஜி93 என்னும் தலைகீழ் நேர ஃபீட் வேண்டும். அது கண்ட்ரோலில் இருக்க வேண்டும், கேம் சாஃப்ட்வேரின் போஸ்ட் அதை எழுதித் தர வேண்டும். தவிர, நெருக்கமாக வளைந்த இறக்கை உள்ள இம்பெல்லரின் அடிவரை டூல் போய்ச் சேர நாலு ஆக்சிஸே போதாது, ஐந்து வேண்டும்.

தண்டில் ஹெலிகல் ஆயில் குரூவ், சிலிண்டர் கேம், உருளை மேல் எழுத்து வெட்டு என்று கையில் நிலையான ஆர்டர் வைத்திருப்பவரோடு எனக்கு வழக்கில்லை. அவர் ரோட்டரி போடட்டும், அந்த மெஷினை அதற்கென்றே விடட்டும். 90 டிகிரிக்கு ஒரு துளை, 60 டிகிரிக்கு ஒரு கீவே என்று வேலை வருபவருக்கு, தனி கண்ட்ரோலரோடு வரும் இண்டெக்ஸர் போதும். எம் கோடு ஒன்று கொடுத்தால் அது திரும்பி நின்று "முடிந்தது" என்று சிக்னல் தரும்; மெஷினின் மூன்று ஆக்சிஸ் கண்ட்ரோலைத் தொட வேண்டியதே இல்லை. மாதம் இருபது பீஸ்தான் என்றால், மூலையில் தூசி படிந்து கிடக்கும் டிவைடிங் ஹெட்டைத் துடைத்து எடுங்கள். கைப்பிடி 40 சுற்று சுற்றினால் பீஸ் ஒரு சுற்று. 90 டிகிரிக்குப் பத்தே சுற்று. நாலு ஆக்சிஸ் ரேட் கேட்க முடியாதே என்றால், பர்சேஸில் இருப்பவர் கேட்பது பீஸ் என்ன விலை என்றுதான். உங்கள் மெஷினுக்கு எத்தனை ஆக்சிஸ் என்று பில்லில் எழுத இடம் கூடக் கிடையாது.