துண்டுக்கு அடியில் ஓர் ஏலம்

மாட்டுச் சந்தையைக் கண்ட நண்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மாட்டுக்காரரின் கையை மூடுவார். துண்டுக்கு அடியில் விரல்கள் விலை பேசும். சுற்றி நிற்பவர்க்கு ஒன்றும் விளங்காது. ஆயினும், விற்பவர் விலையை அறிவார், வாங்குபவரும் அறிவார். இன்று நம் கைப்பேசிக்குள்ளும் இப்படியொரு சந்தை நடக்கிறது. வேறுபாடு ஒன்றே: அங்கே எல்லா விரல்களையும் தொட்டறிந்தவர் தரகர் ஒருவர் மட்டுமே. அங்கே விலைபோவதும் மாடல்ல, சொல். நீங்களும் நானும் கூகுளில் தேடுகிற சொல்!

“கல்விக் கடன்” என்று தேடிப் பாருங்கள். விடைகளின் தலைமாட்டில் விளம்பரங்கள் வந்து நிற்கும். எந்த விளம்பரம் முதலில் நிற்பது, அதற்கு என்ன விலை என்பதை, நீங்கள் தேடிய அந்தக் கணத்திலேயே நடக்கும் ஓர் ஏலம் முடிவு செய்கிறது. பார்த்தால் காசில்லை, சொடுக்கினால்தான் விளம்பரக்காரருக்குச் செலவு. இந்த விலை எப்படிப் பிறக்கிறது என்பதைப் பொருளாதாரம் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் ஓரளவு படித்தறிந்தேன். படிக்கப் படிக்க வியப்பு வளர்ந்தது; கூடவே ஐயமும் வளர்ந்தது.

சொற்களை ஏலம் விடும் முறையை 1998-இல் அமெரிக்காவில் பில் கிராஸ் என்பார் நிறுவிய கோடூ என்ற தேடுதளம் பரப்பியது. கேட்ட தொகையை அப்படியே கட்ட வேண்டும். அதிகம் கேட்டவர்க்கு முதலிடம். விளைவு? ஒருவர் ஒரு காசு ஏற்றினால் மற்றவரும் ஒரு காசு ஏற்றினார். எட்டாத உயரம் வந்ததும் ஒருவர் விலகினார்; விலை சடாரென விழுந்தது; மீண்டும் ஏற்றம் தொடங்கியது. கூகுள் 2002-இல் வேறு வழி கண்டது. நாம் கேட்ட தொகையை நாம் கட்ட வேண்டியதில்லை. நமக்கு அடுத்தவரை வெல்வதற்குப் போதுமான தொகையைக் கட்டினால் போதும். இதைப் போன்றதோர் ஏலமுறையை வில்லியம் விக்ரி என்ற அறிஞர் 1961-லேயே ஆராய்ந்து எழுதியிருந்தார். 1996-இல் நோபல் பரிசும் பெற்றார்.

இதோடு தரப் புள்ளி என்ற ஒன்றும் சேர்ந்தது. விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகிறதா, மக்கள் அதைச் சொடுக்குவார்களா என்பதைக் கணித்து நிறுவனமே இடும் மதிப்பெண் அது. கணக்கை எளிமையாக்கிச் சொல்கிறேன். கந்தன் 40 ரூபாய் கேட்கிறான். அவன் புள்ளி 3. வேலன் 30 ரூபாய், புள்ளி 6. மாறன் 20 ரூபாய், புள்ளி 5. பெருக்கினால் கந்தனுக்கு 120, வேலனுக்கு 180, மாறனுக்கு 100. ஆகவே குறைவாகக் கேட்ட வேலனுக்கே முதலிடம்! அவன் கட்டுவது, 120-ஐ 6-ஆல் வகுக்க வரும் 20 ரூபாய்தான். கந்தனோ இரண்டாம் இடத்தில் நின்றுகொண்டு, 100-ஐ 3-ஆல் வகுத்து, ஏறத்தாழ 33 ரூபாய் கட்டுகிறான். மாறன் நிறுவனம் விதித்த அடிமட்ட விலையைக் கட்டுவான்.

இது நல்ல முறைதானே, பணமூட்டையைவிடப் பொருத்தத்திற்கு மதிப்புத் தருகிறதே என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது. சிறு கடைக்காரனும் பெரு முதலாளியோடு மோத இதில் ஒரு வாய்ப்பிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புள்ளியை இடுபவர் யார்? அடிமட்ட விலையை விதிப்பவர் யார்? ஏலத்தை நடத்துகிறவரே! வேலனின் புள்ளியை 6-லிருந்து 5 ஆக்கினால் அவன் செலவு 20-லிருந்து 24 ரூபாய் ஆகிவிடும். போட்டியாளர் எவரும் ஒரு காசும் கூட்டிக் கேட்கவில்லை. விலை மட்டும் ஏறிவிட்டது. ஏன் ஏறியது என்று வேலனுக்கு எப்படித் தெரியும்?

இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 2023 செப்டம்பரில், கூகுளின் விளம்பரத் துறை உயர் அலுவலர் ஒருவர் சாட்சி சொன்னார்: ஏலத்தில் செய்த மாற்றங்களால் விலை சில வேளைகளில் 5 விழுக்காடு வரை ஏறியதுண்டு, விளம்பரக்காரர்களுக்கு இதை வழக்கமாகச் சொல்வதில்லை. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, அந்நிறுவனம் தன் முற்றுரிமையைச் சட்டத்திற்குப் புறம்பாகக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில், ஏலத்தில் செய்யும் முக்கிய மாற்றங்களை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார்.

நம் நாட்டிலோ வழக்கு வேறு திசையில் நடந்தது. ஒரு கடையின் பெயரையே போட்டிக் கடைக்காரன் ஏலத்தில் எடுக்கலாமா? சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு திருமணத் தகவல் நிறுவனம் இக்கேள்வியை எழுப்பியது. டில்லி உயர்நீதிமன்றம் 2023 ஆகஸ்டில், பிறர் வணிகப் பெயரை விளம்பரத்துக்குரிய சொல்லாக்குவது மட்டுமே குற்றமாகாது. குழப்பம் விளைந்தால் குற்றம். கூகுளும் இதில் வெறும் பார்வையாளர் அல்லர் என்றது. ஆக, தன் பெயரைத் தேடி வருபவர் வழிமாறிப் போகாதிருக்கத் தன் பெயருக்கே ஏலம் கேட்க வேண்டிய நிலை வணிகனுக்கு!

நமக்கென்ன என்று இருந்துவிடலாமா, தோழர்களே? எந்தச் சொல்லுக்கு விலை அதிகம்? கடன், காப்பீடு, வழக்கறிஞர். கவிதை என்ற சொல்லுக்குப் போட்டியிடுவார் அரிது. கடன் என்ற சொல்லுக்கோ அடிதடி. ஒரு வாடிக்கையாளரால் வரும் ஆதாயம் பெரிதாக இருக்கும் இடத்தில் விலையும் பெரிதாகிறது. அந்தச் செலவை வணிகர் தம் கைப்பொருளிலிருந்தா தருவார்? வட்டியிலும் கட்டணத்திலும் ஏற்றி நம்மிடமே வசூலிப்பார். இலவசமாகத் தேடினோம் என்று மகிழ்கிற நாமே கடைசியில் கட்டுகிறோம்.

ஏலத்தை ஒழிக்கச் சொல்லவில்லை நான். துண்டை எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். புள்ளி ஏன் குறைந்தது, அடிமட்ட விலை ஏன் உயர்ந்தது என்பதை ஏலம் கேட்பவர்க்குச் சொல்லும் கடமையை நம் நாட்டுச் சட்டமும் விதிக்கட்டும். அமெரிக்க வணிகருக்கு ஆகும் நியாயம் மதுரை வணிகருக்கும் ஆகும் அன்றோ? பொருளாதாரமும் சட்டமும் கணிப்பொறியும் பயிலும் நாம் இதைக் கேட்காவிட்டால், வேறு யார் கேட்பர்?