விசைப்பலகையின் மீது பழி போடாதீர்கள்



சில மாதங்களுக்கு முன்னர், ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்த வேளையில், எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் கைப்பேசியோடு மத்ரஸா வாயிலில் வந்து நின்றார். "ஹஜ்ரத், பேரன் ஜித்தாவுலேர்ந்து என்னமோ எழுதியிருக்கான். நாலு நாளாச்சு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். வாங்கிப் பார்த்தோம். சொற்கள் தமிழ், எழுத்து ஆங்கிலம். தாம் உம்ரா செய்ததாகவும், கஅபாவின் முன் நின்று உம்மும்மாவின் மூட்டுவலி தீர துஆ கேட்டதாகவும் பேரன் எழுதியிருந்தார். படித்துக் காட்டியதும் அந்த அம்மையார் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். அந்த துஆவின் செய்தி நான்கு நாள்கள் அவர் கையிலேயே இருந்தும் அவரைச் சேரவில்லை.

அவரை எழுத்தறியாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். குர்ஆனை அரபியில் ஓதுபவர். தமிழ் நாளிதழ் படிப்பவர். தம் தாயார் விட்டுச்சென்ற அரபுத்தமிழ்க் கிதாபையும் எழுத்துக்கூட்டி வாசிப்பவர். இத்தனையும் கற்ற பெண்மணியை, ஐந்து வரிச் செய்தி ஒன்று கல்லாதவராக்கிவிட்டது.

பின்னர் அந்தப் பிள்ளையிடம் பேசினோம். "ஆபீஸ் கம்ப்யூட்டர் கீபோர்டுல தமிழே இல்லையே ஹஜ்ரத். இங்கிலீஷும் அரபியும்தான் இருக்கு. நான் என்ன பண்றது?" என்றார். இது ஒருவருடைய பதில் மட்டுமன்று. நம் வீடுகள்தோறும் கேட்கும் பதில். நமது கருத்தில் இது காரணமே அன்று, வெறும் சாக்கு.

விசைப்பலகையில் எழுத்து இருப்பது நம் கண்ணுக்குத்தான். விசையின் மீதுள்ளது வெறும் அச்சு. விசையை அழுத்தினால், எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே அது கணினிக்குத் தெரிவிக்கிறது. அந்த இடத்துக்கு எந்த எழுத்து என்று முடிவுசெய்வது உள்ளே இருக்கும் மென்பொருள். இன்றைய கணினிகளிலும் கைப்பேசிகளிலும் தமிழ், அரபி இரண்டின் அமைப்புகளும் உள்ளடங்கியே வருகின்றன. அமைப்புகள் பகுதியில் ஒரு முறை சேர்த்துவிட்டால் போதும். பிறகு விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளலாம்.

இந்த ஆங்கில அடுக்குமுறை ஒன்றும் வானிலிருந்து இறங்கியதன்று. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. 1874இல் ரெமிங்டன் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் சில எழுத்துகளை இடம்மாற்றித் தமக்கேற்ப அமைத்துக்கொண்டனர். துருக்கியர் 1955இல் தம் மொழியில் எந்த எழுத்துகள் மிகுதியாக வருகின்றன என்று கணக்கிட்டுத் தமக்கெனத் தனி அமைப்பையே வகுத்தனர். தமிழுக்கும் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தட்டச்சுப் பொறியில் விசைகளை வகுத்துத் தந்தார். 1999இல் தமிழக அரசு 'தமிழ்99' என்னும் கணினி விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. பிறர் உழைத்து ஆக்கி வைத்ததைத் தொட்டுப் பார்க்கவும் நமக்குச் சோம்பலாக இருக்கிறது.

ஆங்கில எழுத்தில் எழுதுவதே விரைவு என்பது அடுத்த வாதம். எண்ணிப் பார்ப்போம். 'தொழுகை' என்னும் சொல்லை ஆங்கில எழுத்துகளில் எழுத ஒன்பது விசைகள் தேவை. தமிழ்99இல் த, ஒ, ழ, உ, க, ஐ என ஆறே விசைகள். 'மக்கா'வுக்கு ம, க, க, ஆ என நான்கு. இடையில் வரும் புள்ளியை அதுவே இட்டுக்கொள்ளும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் வலக்கைப் பக்கம். நம் பெயர்களுக்கு வேண்டிய ஸ, ஷ, ஜ, ஹ ஆகிய நான்கும் இடக்கை மேல்வரிசையில், ஷிப்ட் விசையோடு அடுத்தடுத்துக் கிடைக்கின்றன. இதைவிட வேறென்ன வசதி வேண்டும்?

எழுத்து எதுவானால் என்ன, பொருள் புரிந்தால் போதாதா என்று கேட்போரும் உண்டு. பொருள் புரிகிறதா என்பதுதான் நம் கேள்வி. ஆங்கில எழுத்தில் பள்ளியும் பல்லியும் ஒன்றே. தமிழுக்கு நேர்வது சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழை என்றே கொள்வோம். அரபிக்கு நேர்வது அப்படிப்பட்டதன்று. 'ஐன்' எழுத்தில் தொடங்கும் 'அலீம்' என்றால் யாவும் அறிந்தவன். அது அல்லாஹ்வின் திருநாமம். ஹம்ஸாவில் தொடங்கும் 'அலீம்' என்றால் நோவினை தருவது. வேதனையைக் குறித்துக் குர்ஆன் ஆளும் சொல். ஆங்கில எழுத்தில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு இல்லை. தமிழ் எழுத்திலும் இல்லை என்பதை நாம் மறைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறோம்: தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள்; குர்ஆன் வசனத்தையும் துஆவையும் அரபி எழுத்தில் எழுதுங்கள். யாசீன் சூராவை ஆங்கில எழுத்தில் அச்சிட்டுப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டு, 'என் மகன் ஓதுகிறான்' என்று மகிழும் பெற்றோர்கள் ஒரு கணம் சிந்திக்க வேண்டும்.

நம் முன்னோர்களும் பிற எழுத்தைக் கையாண்டவர்களே. அரபி எழுத்தில் இல்லாத ப, ட, ண, ள, ழ போன்ற தமிழ் ஒலிகளுக்காக, அரபி எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய எழுத்துகளைப் படைத்தனர். அதுவே அரபுத்தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வெழுத்தில் மார்க்க நூல்கள் இயற்றினார்கள். நம் பெண்கள் வீட்டிலிருந்தபடியே அவற்றைக் கற்றார்கள். அவர்கள் ழகரத்தை இழக்க உடன்படவில்லை. ஐன் எழுத்தையும் இழக்க உடன்படவில்லை. பிறர் எழுத்தை எடுத்தபோதும் அதைத் தம் மொழிக்கு வளைத்தார்கள். நாமோ நம் மொழியைப் பிறர் எழுத்துக்கு வளைத்து, இரண்டையும் இழந்து நிற்கிறோம்.

ஆங்கில ஒலிப்பு முறையில் தட்டச்சு செய்து, தமிழ் எழுத்தாக மாற்றி அனுப்புவோரைக் குறித்து நமக்குக் குறையில்லை. பெறுபவர் கையில் தமிழாகவே சேர்கிறது. அதுவே முதல் தேவை. பிள்ளைகளுக்காவது நேர்வழியைக் கற்றுக்கொடுங்கள் என்று மட்டும் அவர்களிடம் சொல்வோம்.

கற்க நேரமில்லை என்பது இறுதி வாதம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில், யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அரை மாதத்துக்குள் அவர் அதைக் கற்றுத் தேர்ந்தார். நபியவர்களின் கடிதங்களை அவர்களுக்கு எழுதினார், அவர்களிடமிருந்து வந்தவற்றைப் படித்துக் காட்டினார் என்பது திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் வரும் செய்தி. முன்பின் அறியாத மொழியின் எழுத்துக்கு அவருக்கு அரை மாதம் போதுமாக இருந்தது. நாம் கற்க வேண்டியதோ, பிறந்தது முதல் பேசும் மொழியின் எழுத்து எந்த விசையில் இருக்கிறது என்பதை மட்டுமே.

பிறரைச் சொல்லும் முன் நம்மையும் சொல்ல வேண்டும். மத்ரஸா விடுமுறை அறிவிப்பையும், ஜனாஸா அறிவிப்பையும் ஆங்கில எழுத்தில் தட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டவர்களில் நாமும் உண்டு. பலகையில் அலிஃப் எழுதக் கற்பித்த நாம், கணினியில் அலிஃப் எங்கே இருக்கிறது என்று ஒரு மாணவருக்கும் காட்டியதில்லை. பேனாவின் மீது அல்லாஹ் சத்தியமிடும் சூராவை ஓதிக் கொடுக்கும் நமக்கு, இக்காலத்துப் பேனாவைக் கற்பிக்கும் கடமையும் உண்டு.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் அரை மாதம் ஒதுக்குங்கள். மக்ரிப் தொழுதபின் கால் மணி நேரம் போதும். முதல் வாரம் தமிழ்: இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். அடுத்த வாரம் அரபி: நடுவரிசையில் ஷீன், சீன், யா, பா, லாம், அலிஃப், தா, நூன், மீம். எழுத்து ஒட்டிகள் வேண்டுமென்றால் வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள். பதினைந்தாம் நாள் பிள்ளைகள் ஸலாமை அரபியில் முழுமையாகத் தட்டச்சு செய்து, அதன் கீழே தமிழில் நான்கு வரிகள் உம்மும்மாவுக்கு எழுதி அனுப்பட்டும். அதைப் படித்துக் காட்டச் சொல்லி எந்த மூதாட்டியும் மத்ரஸா வாயிலில் வந்து நிற்க வேண்டியிருக்காது.

எழுதுகோலைக் கொண்டு கற்பித்த இறைவன், பயன் தரும் கல்வியை நமக்கும் நம் சந்ததிக்கும் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.